கூலியும் தராசும் அன்பும்

தன்னைப்போலப் பிறரையும் நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை அறியாத கிறிஸ்தவர் இல்லை. பழைய ஏற்பாட்டில் அது எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் 18ஆம் வசனம் அது. அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. அதற்கும் முன்னால், வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்காமல் எளியவருக்கும் பரதேசிக்கும் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்கிறது. அதிகாரம் முடிகிற இடத்தில் தராசும் எடைக்கல்லும் அளவுப்படியும் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. அன்பின் கட்டளை கூலிக்கும் எடைக்கும் நடுவில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டிலும் இந்தத் தொடர்பு அறுபடவில்லை. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

பிறகு எப்படியோ அன்பு ஆலயத்துக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. கடையும் ஆலையும் அலுவலகமும் வேறு சட்டத்துக்கு உட்பட்டவை ஆகிவிட்டன. 'வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு' என்று சொல்லாத சபையார் குறைவு. இந்தப் பிரிவை ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்ததையும் தவறியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேலையிடத்தில் அன்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு வழி புலப்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் அன்பை முதலாளியின் மனக்கனிவைக் கொண்டு அளக்க முடியாது. கூலி, விலை, உடலுக்கு வரும் ஆபத்து, எதிர்த்துப் பேசும் உரிமை ஆகியவற்றில் எளியவருக்கு என்ன மாறியது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

ஜான் உல்மன் என்ற பெயர் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அதிகம் புழங்குவதில்லை. 1720இல் பிறந்த இவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்த இளைஞர். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். ஒருநாள் கடை முதலாளி தன்னிடமிருந்த அடிமைப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதும்படி இவரிடம் சொன்னார். வாங்குபவரும் குவேக்கர், வயதில் மூத்தவர். வாங்குபவர் காத்திருக்கிறார், முதலாளி சொல்லிவிட்டார். உல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எழுதும்போதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மதத்துக்கு ஒவ்வாதது என்று தான் நம்புவதை இருவர் முகத்துக்கும் நேரே சொன்னார். அடுத்த முறை அப்படியொரு பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார். பிற்காலத்தில் பயணம் போகும்போது அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் செய்த பணிவிடைக்குக் காசு கொடுத்துவிட்டே கிளம்பினார். தன் கடை அளவுக்கு மீறிப் பெருகியபோது வியாபாரத்தைச் சுருக்கி, தையல் வேலையோடு நிறுத்திக்கொண்டார். வீடு வீடாகப் போய் அடிமை வைத்திருந்த குவேக்கர்களிடம் அமைதியாகப் பேசினார். 1772இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, அடிமை வைத்திருப்பவர் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக் கூட்டம் விதித்தது. ஒரு கடைச் சிப்பந்தியின் மனச்சாட்சி சபையின் சட்டமாக வளர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குவேக்கர்கள் வியாபாரத்தில் இறங்கியதற்கே ஒரு காரணம் உண்டு. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததாலும் அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்றதாலும் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களும் பல அரசுப் பதவிகளும் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. கைத்தொழிலும் வணிகமும்தான் மிச்சம். அங்கே அவர்கள் கொண்டுவந்த பழக்கம், ஒரே விலை. பேரம் பேசுவதே வழக்கமாக இருந்த பதினேழாம் நூற்றாண்டில், கேட்கிற விலையும் வாங்குகிற விலையும் வேறாக இருப்பது பொய் என்று குவேக்கர் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் பாக்ஸ் போதித்தார். விவரம் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை என்பது அவர்கள் கடைகளில் போயிற்று. சிறுபிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாறாது என்ற பெயர் வந்தது, வியாபாரமும் பெருகியது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது அவர்களுடைய சபை ஒழுங்கை. ஒருவர் தாங்க முடியாத கடன் வாங்கித் திவாலானால் அதைச் சபை சும்மா விடவில்லை. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் பிரையின் கணவர் 1828இல் திவாலானபோது, அவரைச் சபை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். கடுமைதான். ஆனால் பிறர் பணத்தில் சூதாடுவதைச் சொந்த விஷயம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. நம் சபைகளில் குடித்தவரைக் கேட்பார்கள், காதல் மணம் புரிந்தவரைக் கேட்பார்கள். சம்பளம் கொடுக்காதவரை யாரும் கேட்பதில்லை.

நல்ல பெயரும் தலைமுறை தாண்டித் தானாக வருவதில்லை. பிரையன்ட் அண்ட் மே என்ற லண்டன் தீப்பெட்டி நிறுவனத்தை 1843இல் தொடங்கிய இருவரும் குவேக்கர்கள். 1888இல் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கால் அழுக்கானதற்கும் பேசியதற்கும் அபராதம், அற்பக் கூலி, அதற்கு மேல் வெள்ளைப் பாஸ்பரஸ். அந்த நச்சுப் புகை பல் வழியாக ஏறித் தாடை எலும்பை அழுகவைக்கும். இந்தக் கொடுமையை ஊரறிய எழுதியவர் அன்னி பெசன்ட், பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்தவர். அப்போது அவர் கிறிஸ்தவத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கிறிஸ்தவர் தொடங்கிய ஆலையின் பாவத்தைக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததை நாம் மறக்கக் கூடாது.

இதற்குக் கிறிஸ்தவர் தரப்பிலிருந்து வந்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்சணிய சேனையுடையது. 1891இல் கிழக்கு லண்டனின் ஓல்ட் போர்ட் பகுதியில் அவர்கள் சொந்தமாகவே ஒரு தீப்பெட்டி ஆலை திறந்தார்கள். கேடில்லாத சிவப்புப் பாஸ்பரஸ், காற்றும் வெளிச்சமும் உள்ள கட்டடம், தேநீர் போட்டுக்கொள்ள வசதி, மற்ற ஆலைகளைவிட அதிகக் கூலி. வீட்டில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் பத்திரிகையாளர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். இரட்சணிய சேனையின் தீப்பெட்டி விலை அதிகம். ஏழைகள் மலிவானதைத்தான் வாங்கினார்கள். பத்து ஆண்டில் ஆலை கைமாறியது. ஆயினும் அதே 1901இல் பிரையன்ட் அண்ட் மே வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1908இல் வந்த சட்டம் பிரிட்டனில் அதை முற்றிலும் தடைசெய்தது. வேறு வழியில் செய்ய முடியும் என்று ஒருவர் செய்து காட்டியிருந்ததால், முடியாது என்ற சாக்கு மற்றவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அன்புக்காக நட்டப்படுவது வீணாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தொழில் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்தவத் தொழிலதிபர் என்றால் உலகம் சட்டென்று நினைப்பது கேட்பரி குடும்பத்தை. ஜார்ஜ் கேட்பரியும் அண்ணன் ரிச்சர்டும் 1879இல் பர்மிங்காமின் நெரிசலான தெருவிலிருந்து ஆலையை ஊருக்கு வெளியே பசுமையான இடத்துக்கு மாற்றி, அதற்குப் போர்ன்வில் என்று பெயரிட்டார்கள். தோட்டத்தோடு வீடுகள், விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், பள்ளி எல்லாம் வந்தன. 1900இல் ஜார்ஜ் அந்தக் குடியிருப்பைத் தன் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். ஆலையில் வேலை செய்யாதவர்களும் அங்கே குடியிருக்கலாம். யார்க் நகரத்தருகே ரவுன்ட்ரீ குடும்பம் இதேபோன்ற ஊரை அமைத்தது. 1906இல் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அரசாங்கமே முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றாத காலம் அது.

இத்தனை நல்லவர்களின் சாக்லேட்டுக்குக் கொக்கோ எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு, போர்ச்சுகல் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து. அங்கோலாவில் பிடித்துக் கப்பலேற்றிய மக்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் இல்லை. 1901இல் அந்தத் தீவின் தோட்டம் ஒன்று விற்பனைக்கு வந்தபோது, உழைக்கும் மக்களும் சொத்துப் பட்டியலில் இருந்ததை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் கேட்பரி பார்த்தார். அதிர்ந்தார். 1903இல் லிஸ்பனுக்குப் போய்ப் பேசினார். 1905இல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் பார்த்துவர அனுப்பினார். அறிக்கை வந்தது, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை பொறுக்கச் சொன்னது, பொறுத்தார்கள். 1909 மார்ச்சில்தான் அந்தக் கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். அதற்குள் எட்டு ஆண்டுகள் போய்விட்டன. இடைப்பட்ட காலத்தில் ஜார்ஜ் கேட்பரிக்குச் சொந்தமான டெய்லி நியூஸ் நாளேடு, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகளை வைத்திருப்பதை அடிமைத்தனம் என்று கண்டித்து எழுதிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்ட் என்ற எதிரணிப் பத்திரிகை இந்த முரண்பாட்டைச் சாடியது. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வென்றது. நடுவர்கள் வழங்கிய நட்டஈடு ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி.

கேட்பரி குடும்பத்தார் வேஷதாரிகள் அல்லர். மற்ற நிறுவனங்கள் கேள்வியே கேட்காத காலத்தில் கேள்வி கேட்டவர்கள். ஆளனுப்பிச் சொந்தச் செலவில் விசாரித்தவர்கள். திடீரென்று விலகினால் தங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பிருக்காது என்று நேர்மையாகவே நம்பினார்கள். ஆனாலும் போர்ன்வில்லில் தினமும் கண்ணில் படுகிற பெண்ணின் சளிக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கு, கண்ணில் படாத அங்கோலாக்காரனின் சாவு எட்டு ஆண்டு பொறுக்கக்கூடியதாக இருந்தது. தொழிலில் அன்பு தவறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். பார்க்க முடிகிற தொலைவோடு அது நின்றுவிடுகிறது. இன்று நம்மூர் முதலாளி தன் பணியாளர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் மொய் எழுதுகிறார், நோயென்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறார். அதே ஆலைக்கு ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் அவருடைய சம்பளப் பட்டியலில் இல்லை.

கொடுப்பவரின் அன்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாசல் மிஷன் 1834இல் மங்களூருக்கு வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் சாதியையும் அதோடு தொழிலையும் நிலத்தையும் இழந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும். நெசவாலை, அச்சகம், பிறகு 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை. தமிழ்நாட்டு வீடுகளின் கூரைகளில் 'மங்களூர் ஓடு' ஏறிய கதை இப்படித் தொடங்கியதுதான். பட்டினியிலிருந்து காத்த பெரும்பணி அது, சந்தேகமில்லை. ஆனால் வேலை கொடுப்பவர், குடியிருக்க வீடு கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்பவர் எல்லாம் ஒரே மிஷன். கூலி போதாது என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகவும் விசுவாசக் குறைவாகவும் தெரியும். போர்ன்வில்லிலும் திருமணமான பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அவள் நன்மை எது என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டார். எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், எதிர்த்துப் பேச முடியாதவருக்குச் செய்யும் உதவி பாதி அன்புதான்.

மீதிப் பாதியைத் தேடியவர்களும் உண்டு. வழி காட்டியது மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை. காலையில் வந்தவனுக்கும் மாலை மங்கும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் தன் பொருளாதாரக் கட்டுரைகளுக்குத் தலைப்பையே அந்த உவமையிலிருந்து எடுத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தி அந்தக் கட்டுரைகளின் தொகுப்பைப் படித்து, இரவெல்லாம் உறங்காமல், அதன்படி வாழ்வதென்று முடிவெடுத்தார். அப்படிப் பிறந்தது பீனிக்ஸ் குடியிருப்பு. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் அச்சகம் அங்கே இடம் மாறியது. வேலை எதுவானாலும் மாதம் மூன்று பவுன் என்று ஏற்பாடு. ஏசுவின் உவமையைக் கூலிப் பட்டியலாக்கிப் பார்த்தவர் ஓர் இந்து என்பது கிறிஸ்தவர்களுக்கு உறைக்க வேண்டிய செய்தி.

இங்கிலாந்தில் எர்னஸ்ட் பேடர் என்ற குவேக்கர் 1951இல் தன் ரெசின் தொழிற்சாலையின் பங்குகளில் 90 விழுக்காட்டைத் தொழிலாளர்களின் கூட்டு அமைப்புக்குக் கொடுத்தார். 1963இல் மிச்சத்தையும் கொடுத்தார். மிக உயர்ந்த சம்பளம் மிகக் குறைந்த சம்பளத்தின் ஏழு மடங்கைத் தாண்டக் கூடாது, போருக்குப் பயன்படும் என்று தெரிந்த எதையும் விற்கக் கூடாது என்று விதிகள் வைத்தார்கள். ஸ்பெயினின் பாஸ்க் மலைப்பகுதியில் 1941இல் மோன்ட்ராகோன் என்ற சிற்றூருக்கு வந்த இளம் குரு அரிஸ்மென்டியாரியெட்டா முதலில் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956இல் தொடங்கிய கூட்டுறவு ஆலை, இன்று பல்லாயிரம் பேர் உரிமையாளராக இருக்கும் கூட்டுறவுத் தொகுதி. 2013இல் அதன் மூத்த ஆலையான பாகோர் திவாலானது. அன்பு சந்தையின் அடியிலிருந்து காப்பாற்றாது. ஆனால் வேலையிழந்த உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்றக் கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன, அல்லது முன்கூட்டியே ஓய்வு பெற வழிசெய்தன. ஆலையை மூட நேர்வது வேறு, ஆட்களைத் தெருவில் விடுவது வேறு.

நமக்கு இன்னும் அருகில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைகள் இருக்கின்றன. மீனவர் வலைக்கும் கட்டுமரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். அதற்கு ஈடாக, பிடித்த மீனை வியாபாரி சொல்லும் விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். கடன் தீராது. பிடிபடும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு என்ற குத்தகை வழக்கமும் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1960களில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் திருச்சபையின் சமூகப்பணியாளர்கள் மீனவரோடு தங்கிச் சங்கம் அமைத்தார்கள். பிறகு கோட்டாறு மறைமாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலும் சங்கங்கள் வந்தன. கரையில் நடக்கும் முதல் ஏலத்தைச் சங்கமே நடத்தும். விற்ற தொகையில் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் போகும். இந்தச் சங்கங்கள் சேர்ந்ததுதான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. இங்கே குருக்கள் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. தன் மீனுக்கு விலை சொல்லும் உரிமை மீனவனுக்குக் கிடைத்தது. எனக்குத் தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவ முயற்சிகளில் லேவியராகமத்துத் தராசுக்கு மிக அருகில் நிற்பது இதுதான்.

ஆலையோ கடையோ சொந்தமாக இல்லாத, மாதச் சம்பளக்காரர்களான நம்மில் பெரும்பாலோருக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? அலுவலகத்தில் அன்பு என்றால் சிரித்த முகம், பிறந்தநாள் கேக், மேசையில் வசன அட்டை என்று சுருக்கிவிடுகிறோம். உல்மன் சிப்பந்திதான். அவர் கையில் இருந்தது ஒரு பேனா. சக பணியாளரின் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமல் இருப்பதும், புதிதாக வந்தவருக்கு வேலையை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பதும், தவறு செய்தவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல் தனியே கூப்பிட்டுச் சொல்வதும் அன்பு. துப்புரவுத் தொழிலாளியைப் பெயர் சொல்லி, 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிடுவதும், அவருக்கும் அதே குவளையில் தேநீர் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அன்பு. மன்னிப்பதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. மேலதிகாரியின் பாலியல் தொல்லையைப் பற்றிப் புகார் சொல்ல வரும் பெண்ணிடம் 'மன்னித்துவிடு, ஜெபம் பண்ணு' என்பவர்கள் நம்மிடையே உண்டு. அது அவளுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அவளோடு அந்தக் குழுவின் வாசல்வரை நடந்துபோவதுதான் அன்பு.

பொருளாதார அறிஞர் மில்டன் ப்ரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரை இந்த முயற்சிகள் அனைத்தையும் மறுக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பு சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே, மேலாளர் பிறர் பணத்தில் புண்ணியம் தேடக் கூடாது என்பது அவர் வாதம். பிறர் பணத்தில் தாராளம் காட்டக் கூடாது என்பதை ஏற்கலாம். ஆனால் பிடித்துவைத்த கூலி யாருடைய பணம்? தொழிலாளியுடையது. அதைத் திருப்பிக் கொடுப்பதில் தாராளமும் இல்லை, புண்ணியமும் இல்லை. பாப்பரசர் 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடல் இதைத்தான் உறுதிப்படுத்தியது: தொழிலாளி வேறு வழியின்றிச் சம்மதித்தான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, அவன் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும், சங்கம் சேரும் உரிமை அவனுக்கு உண்டு. போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாது என்ற மறுப்புக்குத் தீப்பெட்டி ஆலையின் கதை போதும். தனி ஒருவர் தாங்க முடியாததை எல்லாருக்கும் பொதுவான சட்டம் தாங்கவைக்கும். ஆகவே தொழிலாளர் சட்டத்துக்காகக் குரல் கொடுப்பதும் பிறரன்பின் பகுதிதான்.

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விடுதி என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் திருச்சபைகள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறொன்று என்று தனியார் பள்ளி ஆசிரியர்கள் சொல்லும் குறை நம் வளாகங்களுக்குள்ளும் கேட்கிறது. 'ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்' என்ற சொல் குறைந்த சம்பளத்துக்கு மருந்தாகப் பயன்படுகிறது. ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படி சேர வேண்டிய பணம். ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்துவிட்டது. பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும் தாளாளர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன், உங்கள் நிறுவனங்களின் சம்பளப் பதிவேட்டை ஒருமுறை சபையார் முன் திறந்து வையுங்கள். பாக்கி இருந்தால் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.